நாற்காலி வேண்டாம் என்றவர்

1949-ம் ஆண்டு செப்டம்பர் 18-ந் தேதி, ஞாயிற்றுக்கிழமை. சென்னை ராயபுரத்தில் உள்ள ராபின்சன் பூங்காவில் பெருங்கூட்டம் கூடியிருந்தது.

மழை பெய்தது. கூட்டம் கலையவில்லை. நனைந்துகொண்டே நின்றது.

ராயபுரம் உழைப்பாளிகளின் ஊர். 1856-ம் ஆண்டில் தென்னிந்தியாவின் முதல் ரெயில் புறப்பட்டது இங்கிருந்துதான். ஒரு பக்கம் துறைமுகம். கப்பலில் இருந்து மூட்டை இறக்குகிறவர்கள், கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர்கள், ரெயில்வே தொழிலாளர்கள் எல்லோரும் வாழும் பகுதி. வடக்கே போனால் திருவொற்றியூர், அதற்கும் அப்பால் எண்ணூர்.

அன்று அந்தப் பூங்காவில் ஒரு புதிய கட்சியின் முதல் பொதுக்கூட்டம் நடந்தது. கட்சியின் பெயர் திராவிட முன்னேற்றக் கழகம். அதைத் தொடங்கியவர் சி.என். அண்ணாதுரை. அப்போது அவருக்கு வயது 40.

புதிய கட்சிக்குப் பொதுச்செயலாளர் உண்டு. தலைவர் மட்டும் இல்லை. தலைவர் பதவி ஒருவருக்காகக் காலியாக வைக்கப்பட்டது. அந்த ஒருவர் அந்தக் கூட்டத்துக்கு வரவில்லை. வரப்போவதும் இல்லை. புதிய கட்சி அவரை விட்டுப் பிரிந்து வந்த கட்சிதான்!

அவர் பெரியார் ஈ.வெ. ராமசாமி. அதற்கு முந்திய நாள்தான் அவருக்கு 70 வயது முடிந்திருந்தது.

நாற்காலிகள் அவரைத் தேடி வந்ததும், அவர் விலகிப் போனதும் அது முதல் தடவை அல்ல. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப்போகிறோம்.

மண்டிக்கடைப் பையன்

ஈரோட்டில் 1879-ம் ஆண்டு செப்டம்பர் 17-ந் தேதி ராமசாமி பிறந்தார். தந்தை வெங்கட்டர், வசதியான வியாபாரி. தாயார் சின்னத்தாயம்மாள், பக்தி மிகுந்தவர். வீட்டில் பாகவதர்களுக்கும் பண்டிதர்களுக்கும் ஓயாமல் விருந்து நடக்கும்.

பையனுக்குப் படிப்பு ஏறவில்லை. சில வருஷங்களோடு பள்ளிக்கூடம் நின்றது. 12 வயதில் தந்தையின் மண்டியில் வேலைக்கு உட்கார்ந்தார். வியாபாரம் நன்றாக வந்தது. வீட்டுக்கு வரும் பண்டிதர்களிடம் வம்புக் கேள்வி கேட்பதும் நன்றாக வந்தது.

19 வயதில் நாகம்மையாரை மணந்தார். சில ஆண்டுகளில் தந்தையோடு மனத்தாங்கல் ஏற்பட்டு, வீட்டை விட்டுக் காசிக்குப் போய்விட்டார். அங்கே பசி. சத்திரத்தில் சாப்பாடு ஒரு சாதிக்கு மட்டும்தான். வெளியே எறிந்த எச்சில் இலையில் மிச்சம் இருந்ததைச் சாப்பிடும் நிலைமை வந்தது. பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு அந்த ஒரு வேளைச் சாப்பாடு ஆயுளுக்கும் மறக்கவில்லை.

ஊருக்குத் திரும்பியதும் தந்தை வியாபாரத்தையே மகன் பெயருக்கு மாற்றிக் கொடுத்தார்.

29 பதவிகள்

அதன்பிறகு பதவிகள் வந்து குவிந்தன. ஈரோடு நகரசபைத் தலைவர், கவுரவ மாஜிஸ்திரேட்டு, தேவஸ்தானக் கமிட்டித் தலைவர்... மொத்தம் 29 பதவிகள் என்று கணக்குச் சொல்வார்கள். சாமி இல்லை என்று பின்னாளில் சொன்னவர், தேவஸ்தானக் கணக்கை ஒழுங்காகப் பார்த்தார்! நகரசபைத் தலைவராக இருந்தபோது காவிரித் தண்ணீரை ஈரோட்டுக்குக் குழாயில் கொண்டுவர வேலை செய்தார்.

ஆகவே, பதவி என்றால் என்ன என்று தெரியாமல் அவர் அதை வெறுக்கவில்லை. உட்கார்ந்து பார்த்தவர்தான்.

ராஜாஜியின் நட்பால் காங்கிரசில் சேர்ந்தார். அத்தனை பதவிகளையும் உதறினார்.

காந்தியடிகள் 1920-ல் ஒத்துழையாமை இயக்கத்தைத் தொடங்கினார். சட்டசபைக்குப் போகாதே, கோர்ட்டுக்குப் போகாதே என்பது திட்டம். ஈ.வெ.ரா.வுக்கு வெளியே இருந்து வரவேண்டிய கடன் சுமார் 50 ஆயிரம் ரூபாய். அந்தக் காலத்து 50 ஆயிரம்! கோர்ட்டுக்குப் போனால் கிடைத்துவிடும். அவர் போகவில்லை. சேலம் விஜயராகவாச்சாரியார், பத்திரங்களைத் தம் பெயருக்கு எழுதிக் கொடுத்தால் தாமே வசூல் செய்து தருவதாகச் சொன்னார். அதற்கும் சம்மதிக்கவில்லை. பணம் போனது.

கள்ளுக்கடை மறியல் வந்தது. தம் தோப்பில் இருந்த 500 தென்னை மரங்களை வெட்டிச் சாய்த்தார். மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் கள்ளுக்கடை முன்னால் போய் நின்றார்கள்.

ஒரே ஒரு ஓட்டு

1924-ல் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் வைக்கம் போராட்டம் நடந்தது. அங்கே மகாதேவர் கோவிலைச் சுற்றியுள்ள வீதிகளில் தாழ்த்தப்பட்ட சாதியார் என்று ஒதுக்கப்பட்டவர்கள் நடக்கக் கூடாது. கோவிலுக்குள் அல்ல, தெருவில்! நாய் போகலாம், மாடு போகலாம், மனிதன் போகக்கூடாது.

போராடிய தலைவர்கள் ஜெயிலுக்குப் போனதும் ஈ.வெ.ரா.வுக்கு அழைப்பு வந்தது. போனார். இரண்டு தடவை ஜெயில். நாகம்மையாரும் போராட வந்தார்.

1925 பிப்ரவரியில் திருவிதாங்கூர் சட்டசபையில் இது தீர்மானமாக வந்தது. தெருவை எல்லோருக்கும் திறந்துவிடலாமா? ஓட்டு எடுத்தார்கள். திறக்கலாம் என்று 21 பேர். வேண்டாம் என்று 22 பேர்.

ஒரே ஓட்டில், மனிதன் தெருவில் நடக்கும் உரிமை தோற்றது!

போராட்டம் நிற்கவில்லை. காந்தியடிகளும் வந்து பேச்சு நடத்தினார். அந்த ஆண்டு முடிவதற்குள் கோவிலின் மூன்று பக்கத்து வீதிகள் திறந்தன. ஓட்டில் தோற்றது, தெருவில் கிடைத்தது. ஈ.வெ.ரா.வின் பிற்கால வாழ்க்கையைப் பார்க்கிறவர்கள், இந்த 21-க்கு 22 என்ற கணக்கை நினைவில் வைத்துக்கொண்டால் பல விஷயங்கள் விளங்கும்.

அதே 1925-ல் காஞ்சிபுரம் காங்கிரஸ் மாநாட்டில் வகுப்புவாரிப் பிரதிநிதித்துவத் தீர்மானம் கொண்டுவந்தார். அனுமதி கிடைக்கவில்லை. காங்கிரசை விட்டு வெளியேறினார். சுயமரியாதை இயக்கம் வளர்ந்தது. அவர் நடத்திய வார இதழின் பெயர் குடி அரசு. மக்கள் ஆட்சி என்று பொருள்படும் பெயர். அந்தப் பெயரில் பத்திரிகை நடத்திக்கொண்டே, ஓட்டுப் பெட்டியால் எல்லாம் நடந்துவிடும் என்பதை நம்ப மறுத்தார்!

ஏன் நம்பவில்லை?

அந்தக் காலத்தில் எல்லோருக்கும் ஓட்டு கிடையாது. சொத்து இருக்க வேண்டும், அல்லது வரி கட்ட வேண்டும். ராயபுரத்தில் மூட்டை தூக்குகிறவருக்கு எங்கே சொத்து? 1952 பொதுத் தேர்தல் வரும் வரையில் வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு என்பது இல்லை.

எல்லோருக்கும் ஓட்டு வந்த பிறகும் அவருடைய சந்தேகம் தீரவில்லை. அவர் பார்த்த விதம் இதுதான்: ஓட்டுக் கேட்கப் போகிறவர், ஓட்டுப் போடுகிறவருக்குப் பிடித்ததைத்தான் பேச வேண்டும். சாதிப் பெருமை கெட்டது என்று வீடுவீடாகப் போய்ச் சொல்லிவிட்டு ஓட்டும் கேட்க முடியுமா? பெண்ணுக்கும் சொத்தில் பங்கு கொடு என்று மிராசுதாரரிடம் சொல்லிவிட்டு ஜெயிக்க முடியுமா? சாதியை ஒழிக்க வேண்டியவர், எந்தத் தெருவில் எந்தச் சாதி எத்தனை ஓட்டு என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடுவார். முதலில் ஜனங்களின் மனசு மாற வேண்டும், அது மாறாமல் சட்டசபையை மட்டும் மாற்றி என்ன பயன் என்பது அவருடைய கேள்வி.

இந்தக் கேள்வியைச் சுலபமாகத் தள்ளிவிட முடியாது. தேர்தல் காலத்தில் நம் தெருவுக்கு வருகிறவர்கள் எதைப் பேசுகிறார்கள், எதைப் பேசாமல் விடுகிறார்கள் என்று கவனித்தவர்களுக்கு இது புரியும்.

மூலக்கொத்தளத்தில் இருவர்

1937 தேர்தலில் காங்கிரஸ் வென்றது. ராஜாஜி முதல்-மந்திரி ஆனார். அந்தப் பதவிக்கு அப்போது பிரதம மந்திரி என்று பெயர். 1938-ல் பள்ளிக்கூடங்களில் இந்தி கட்டாயம் என்று உத்தரவு வந்தது.

சட்டசபையில் எதிர்ப்பாளர்களுக்குப் பலம் இல்லை. போராட்டம் வட சென்னைத் தெருவுக்கு வந்தது. தங்கசாலைத் தெருவில் இந்து தியாலஜிகல் பள்ளிக்கூடத்தின் முன்னால் தினமும் மறியல். தினமும் கைது. பெண்கள் கைக்குழந்தைகளோடு ஜெயிலுக்குப் போனார்கள். 1938 நவம்பரில் சென்னையில் நடந்த பெண்கள் மாநாட்டில்தான் ஈ.வெ.ரா.வுக்குப் பெரியார் என்ற பட்டம் கொடுக்கப்பட்டது. அடுத்த மாதமே அவருக்கு ஓராண்டு தண்டனை.

ஜெயிலுக்குப் போனவர்களில் நடராசன் என்ற இளைஞர் 1939 ஜனவரியில் இறந்தார். மார்ச்சில் தாளமுத்து இறந்தார். இருவரையும் மூலக்கொத்தளம் மயானத்தில் அடக்கம் செய்தார்கள். ராயபுரத்துக்குப் பக்கத்தில்தான் மூலக்கொத்தளம். இருவர் சமாதியும் இன்றும் அங்கே இருக்கிறது.

1939 அக்டோபரில் காங்கிரஸ் மந்திரிசபை ராஜினாமா செய்தது. 1940 பிப்ரவரியில் கட்டாய இந்தி வாபஸ் ஆனது. வாபஸ் வாங்கியது சட்டசபை அல்ல, வெள்ளைக்கார கவர்னர்! ஓட்டில் வந்த ஆட்சி போட்ட உத்தரவை, ஓட்டே இல்லாத கவர்னர் எடுத்தார். இதைப் பார்த்தால் ஓட்டின் மேல் பெரியாருக்கு மரியாதை கூடியிருக்குமா?

தேடி வந்த பதவி

ஜெயிலில் இருக்கும்போதே ஜஸ்டிஸ் கட்சியின் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். பழைய வண்ணாரப்பேட்டை தியாகராய செட்டியார் போன்றவர்கள் வளர்த்த கட்சி அது. 1920-ல் முதல்-மந்திரி பதவி தேடி வந்தபோது வேண்டாம் என்று சொன்னவர் தியாகராயர். அந்த விஷயத்தில் அந்தக் கட்சிக்கு ஏற்ற தலைவர்தான் கிடைத்தார்!

1940-லும் 1942-லும் மந்திரிசபை அமைக்கும்படி பெரியாருக்கு அழைப்பு வந்தது. இரண்டு தடவையும் மறுத்துவிட்டார்.

1944 ஆகஸ்டில் சேலம் மாநாடு நடந்தது. ஜஸ்டிஸ் கட்சி, திராவிடர் கழகம் ஆனது. ராவ் பகதூர், திவான் பகதூர் பட்டங்களை விட வேண்டும், சர்க்கார் நியமித்த பதவிகளை விட வேண்டும் என்று முடிவானது. அதோடு திராவிடர் கழகம் தேர்தலில் நிற்காத இயக்கமாக ஆனது. பட்டமும் பதவியும் பார்த்து வந்த பெரிய மனிதர்கள் விலகிக்கொண்டார்கள். சாதாரண மனிதர்கள் வந்து சேர்ந்தார்கள்.

1947-ல் சுதந்திரம் வந்தது. பெரியார் அதைத் துக்க நாள் என்று அறிவித்தார். ஆட்சி கைமாறுவதால் சாதி ஒழியாது என்பது அவர் கருத்து. அண்ணா அதை ஏற்கவில்லை. வெள்ளைக்காரன் போவது மகிழ்ச்சியான விஷயம்தான் என்று வெளிப்படையாகச் சொன்னார். நாட்டில் பெரும்பாலோர் நினைத்தது அண்ணா நினைத்ததைத்தான்.

1949 ஜூலையில் பெரியார் மணியம்மையாரை மணந்தார். அவருக்கு வயது 69. மணியம்மையாருக்கு முப்பதுக்குச் சற்று அதிகமோ குறைவோ என்று சொல்லும் வயது. கழகத்தில் புயல் வீசியது. அதன் முடிவுதான் செப்டம்பரில் ராயபுரத்தில் மழையில் நடந்த கூட்டம். பிரிவுக்கு உடனடிக் காரணம் கல்யாணம். ஆனால் உள்ளே வேறு வித்தியாசங்களும் புகைந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்று தேர்தல்.

இரண்டு பாதைகள்

அதன்பிறகு இரண்டு கழகங்களும் இரண்டு பாதையில் போயின.

1950-ல் வகுப்புவாரி இடஒதுக்கீட்டு உத்தரவு செல்லாது என்று சென்னை ஐகோர்ட்டு சொன்னது. 1951-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே சொன்னது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் மருத்துவக் கல்லூரிக்கும் என்ஜினீயரிங் கல்லூரிக்கும் போகும் வழி அடைபட்டது. பெரியார் கிளர்ச்சி தொடங்கினார். மாணவர்கள் வீதிக்கு வந்தார்கள். 1951 ஜூனில் அரசியல் சட்டம் முதல் தடவையாகத் திருத்தப்பட்டது. பெரியாருக்குப் பார்லிமெண்டில் ஓர் இடம் கூட இல்லை. சட்டத்தைத் திருத்திய பார்லிமெண்டும் ஜனங்கள் நேராக ஓட்டுப் போட்டு அனுப்பியது அல்ல. முதல் பொதுத் தேர்தல் அதற்குப் பிறகுதான் வந்தது.

அண்ணாவின் கழகம் 1952 தேர்தலில் நிற்கவில்லை. 1956-ல் திருச்சி மாநாட்டில் அந்தக் கேள்வியைத் தொண்டர்களிடமே விட்டார்கள். தேர்தலில் நிற்கலாமா, வேண்டாமா? இரண்டு பெட்டிகள் வைத்தார்கள். நிற்கலாம் என்ற பெட்டி நிரம்பி வழிந்தது. ஓட்டுக் கேட்கலாமா என்பதை ஓட்டுப் போட்டே முடிவு செய்தார்கள்!

1957-ல் 15 இடங்கள் கிடைத்தன. 1962-ல் 50.

அதே 1957-ல், நவம்பர் 26-ந் தேதி, பெரியாரின் தொண்டர்கள் அரசியல் சட்டத்தில் சாதியைக் காப்பதாக அவர்கள் கருதிய பகுதிகளைக் கொளுத்தினார்கள். அதற்கு மூன்றாண்டு வரை தண்டனை என்று சில நாட்களுக்கு முன்புதான் சட்டசபை அவசரமாகச் சட்டம் செய்திருந்தது. தெரிந்தே கொளுத்தினார்கள். ஏறக்குறைய 3 ஆயிரம் பேர் ஜெயிலுக்குப் போனார்கள். ஜெயிலிலேயே உயிர்விட்டவர்களும் உண்டு. அவர்கள் பின்னாளில் யாரிடமும் ஓட்டுக் கேட்டு வரவில்லை.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரியார் தேர்தலில் நிற்கவில்லையே தவிர, தேர்தலை விட்டு ஒதுங்கி இருக்கவில்லை. 1952-ல் காங்கிரசைத் தோற்கடிக்கச் சொன்னார். காமராஜர் முதல்-மந்திரி ஆனதும் அவரை ஆதரித்தார். காமராஜர் பள்ளிக்கூடங்களைத் திறந்தார் என்பதால் 1957, 1962, 1967 தேர்தல்களில் காங்கிரசுக்காக ஊர் ஊராகப் பேசினார். ஓட்டால் பயன் இல்லை என்று நினைத்தவர், யாருக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று தள்ளாத வயதில் வேனில் அலைந்தார். இதில் முரண்பாடு இல்லையா என்று கேட்டால், இருக்கிறது. அவர் முரண்பாட்டுக்குப் பயந்தவர் அல்ல.

கல்யாணம் செல்லுமா?

இதற்கிடையே பல குடும்பங்களில் ஒரு கவலை இருந்தது.

சுயமரியாதைத் திருமணங்கள் 1928 முதல் நடந்து வந்தன. புரோகிதர் இல்லை, அக்கினி இல்லை. பெரியவர்கள் முன்னால் மாலை மாற்றிக்கொள்வார்கள். செலவும் குறைவு. வட சென்னையில் தொழிலாளர் வீடுகளிலும் இப்படிப் பல கல்யாணங்கள் நடந்தன.

இந்தத் திருமணம் செல்லாது என்று 1950-களின் முற்பகுதியில் சென்னை ஐகோர்ட்டு ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. குடும்பங்கள் திடுக்கிட்டன. கணவன் இறந்தால் மனைவிக்குச் சொத்து உண்டா? பிறந்த பிள்ளைகளின் கதி என்ன? சித்தப்பாவோ பெரியப்பாவோ வழக்குப் போட்டால் என்ன செய்வது? ஜனங்களின் மனசை மாற்றலாம், மாற்றியும் காட்டினார் பெரியார். ஆனால் கோர்ட்டில் கேட்பது மனசை அல்ல, சட்டத்தை. அந்தச் சட்டத்தைச் செய்யும் இடம் சட்டசபை. சட்டசபைக்குப் போகும் வழி ஓட்டு.

1967 தேர்தலில் காங்கிரஸ் தோற்றது. காமராஜரே விருதுநகரில் தோற்றார். பெரியார் எதிர்த்துப் பேசிய கட்சி தனி மெஜாரிட்டியில் வென்றது.

பதவி ஏற்பதற்கு முன்னால் அண்ணா செய்த காரியம் என்ன தெரியுமா? நெடுஞ்செழியனையும் கருணாநிதியையும் அழைத்துக்கொண்டு திருச்சிக்குப் போய்ப் பெரியாரைப் பார்த்தார். 18 ஆண்டு மனக்கசப்பு அங்கே கரைந்தது. தம் மந்திரிசபையே பெரியாருக்குக் காணிக்கை என்று அண்ணா சட்டசபையில் அறிவித்தார்.

அதே 1967-ல் சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று சட்டம் நிறைவேறியது. இனி நடப்பவை மட்டும் அல்ல, முன்பு நடந்தவையும் செல்லும்! 40 ஆண்டுகளாக மாலை மாற்றிக்கொண்ட தம்பதிகள் எல்லோரும் ஒரே சட்டத்தில் சட்டப்படி கணவன் மனைவி ஆனார்கள். பேரன் பேத்தி எடுத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள்.

பெரியார் சரியா, அண்ணா சரியா? நமக்குத் தோன்றுவது இது: பெரியார் அந்த 40 ஆண்டுகள் ஓட்டுக்குப் பயப்படாமல் பேசியிராவிட்டால், அப்படி ஒரு சட்டம் கொண்டுவரும் துணிவு ஓட்டுக் கேட்டு வந்த யாருக்கும் வந்திருக்காது. அண்ணா ராயபுரத்துப் பாதையில் போயிராவிட்டால், அந்தத் தம்பதிகளின் பிள்ளைகள் கோர்ட்டு வாசலில்தான் நின்றிருப்பார்கள். 1929-ல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாட்டில் போட்ட பெண்களுக்குச் சொத்துரிமைத் தீர்மானமும், தமிழ்நாட்டில் சட்டமாக 1989 வரை காத்திருந்தது. 60 ஆண்டுகள்!

கடைசிப் போராட்டம்

அண்ணா 1969 பிப்ரவரியில் மறைந்தார். 30 வயது மூத்த பெரியார் அந்தச் சாவையும் பார்த்தார்.

90 வயதுக்கு மேலும் அவர் ஓயவில்லை. மூத்திரக் குழாயைக் கட்டிக்கொண்டு, வேனில் ஊர் ஊராகப் போனார். கோவிலில் எல்லாச் சாதியாரும் அர்ச்சகர் ஆக வேண்டும் என்பது அவருடைய கடைசிப் போராட்டம். சாமி இல்லை என்பவருக்கு அர்ச்சகர் வேலை எதற்கு என்று கேலி செய்தவர்கள் உண்டு. கருவறைக்குள் ஒருவன் போகலாம், ஒருவன் போகக்கூடாது என்பதுதான் அவருக்கு உறுத்தியது.

1970 ஜனவரி 26-ந் தேதி கிளர்ச்சி என்று அறிவித்தார். முதல்-மந்திரி கருணாநிதி, சட்டம் கொண்டுவருகிறோம், பொறுங்கள் என்று கேட்டுக்கொண்டார். பெரியார் பொறுத்தார். சட்டசபை அந்த ஆண்டே சட்டம் செய்தது. 1972 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பு வந்தது. பரம்பரை உரிமையை நீக்கியது செல்லும், ஆனால் அர்ச்சகர் நியமனம் ஆகமப்படிதான் இருக்க வேண்டும் என்றது. கதவு திறந்ததுபோல் திறந்து, மூடிக்கொண்டது.

பெரியார் மறுபடியும் கிளர்ச்சிக்குத் தயார் ஆனார். 1973 டிசம்பர் 19-ந் தேதி சென்னை தியாகராய நகரில் பேசினார். வலியால் துடித்துக்கொண்டே பேசினார். ஐந்து நாள் கழித்து, டிசம்பர் 24-ந் தேதி, வேலூர் ஆஸ்பத்திரியில் உயிர் பிரிந்தது. வயது 94.

அவர் மந்திரியாக இருந்தது இல்லை. சட்டசபை மெம்பராகக் கூட இருந்தது இல்லை. ஆனாலும் சர்க்கார் மரியாதையோடு அடக்கம் செய்ய வேண்டும் என்று முதல்-மந்திரி உத்தரவு போட்டார். சென்னை பெரியார் திடலில் போலீசார் துப்பாக்கி ஏந்தி மரியாதை செலுத்த, உடல் அடக்கம் செய்யப்பட்டது.

ராயபுரம் ராபின்சன் பூங்காவுக்கு இப்போது அண்ணாவின் பெயர்.

அர்ச்சகர் விஷயம் அதன்பிறகும் சட்டசபைக்கும் கோர்ட்டுக்குமாக நடந்தது. பயிற்சி பெற்ற பல சாதிகளைச் சேர்ந்த 24 பேர் தமிழகக் கோவில்களில் அர்ச்சகர்களாக வேலை உத்தரவு வாங்கிய நாள், 2021-ம் ஆண்டு ஆகஸ்டு 14-ந் தேதி.